மெனுவுக்கு முன் நான்கு வாரம்: ஒரு புதுச்சேரி நிறுவனத்தின் 'சைட் பிளானிங்' சேவை எப்படி?

புதுச்சேரி, கடலூர் பக்கம் வெப்சைட் செய்து தருபவர்களிடம் கொட்டேஷன் கேட்டால் முதல் வரியிலேயே பக்கக் கணக்கு வந்துவிடும். 'அஞ்சு பேஜ்', 'பத்து பேஜ்', டொமைன், ஹோஸ்டிங், வாட்ஸ்அப் பட்டன், ஒரு வருட மெயின்டனன்ஸ். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கும், அதற்கு என்ன பெயர், வாடிக்கையாளர் அங்கே எப்படிப் போய்ச் சேர்வார் என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் இடமே இருக்காது. அந்த வேலையை மட்டும் தனியாகப் பிரித்து, தனிக் கட்டணம் போட்டு விற்கிறது புதுச்சேரியில் ஒரு சிறிய நிறுவனம். விற்கும் பெயர் 'சைட் பிளானிங்'. துறைக்குள் இதை இன்ஃபர்மேஷன் ஆர்க்கிடெக்சர் என்பார்கள். தமிழில் தகவல் கட்டமைப்பு.

சேவையை வாங்கியது ஒரு பண்ருட்டி முந்திரி வியாபாரம். மஞ்சக்குப்பத்தில் ஒரு சில்லறைக் கடை, புதுச்சேரியில் ஒன்று, டின் கணக்கில் மொத்த விற்பனை தனியாக. வேலை நான்கு வாரம். கட்டணம், முழுத் தளத்துக்கான தொகையில் ஏறக்குறைய கால் பங்கு. கைக்கு வந்தவை ஆறு: பழைய தளத்தின் பக்கப் பட்டியல், அட்டை அடுக்கல் (விஷயங்களை அட்டைகளில் எழுதி, வாடிக்கையாளரையே குவியலாகப் பிரிக்கச் சொல்வது) அறிக்கை, தள மரம் (எந்தக் கிளையின் கீழ் எந்தப் பக்கம் என்ற வரைபடம்), பெயர்ப் பட்டியல், மரச் சோதனை (அந்தக் கிளைகளில் ஆட்களுக்கு வழி தெரிகிறதா என்று பார்ப்பது) அறிக்கை, முகவரி மாற்றப் பட்டியல். ஹோம் பேஜ் டிசைன் ஒன்றுகூட இல்லை என்று கடைக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இந்தக் கட்டத்தில் அது இல்லாமலிருப்பதே சரி. கலரைப் பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் மெனுவைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

முதலில் பக்கப் பட்டியல். ஸ்க்ரீமிங் ஃப்ராக் என்ற மென்பொருளை ஓட்டிப் பழைய தளத்தின் எல்லா முகவரிகளையும் ஒரு ஷீட்டில் இறக்கியிருக்கிறார்கள். 500 முகவரி வரை அதற்குக் கட்டணம் கிடையாது; இந்த அளவுக் கடைகளுக்கு அதுவே தாராளம். ஆனால் இந்த வகைக் கருவி லிங்க்கைப் பிடித்துக்கொண்டே போகும், லிங்க் இல்லாத பக்கம் அதன் கண்ணில் படாது. போன வருடத் தீபாவளி ஆஃபர், வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிய விலைப் பட்டியல் பிடிஎஃப் போன்றவை அப்படித்தான் அனாதையாகக் கிடக்கும். இவர்கள் கூகுள் சர்ச் கன்சோலில் (தளத்தின் எந்தப் பக்கங்கள் கூகுளுக்குத் தெரியும் என்று தளக்காரருக்குக் காட்டும் சேவை) வரும் முகவரிகளையும், தளமே தன் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு அவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் நான்கில் ஒரு தீர்ப்பு: வை, திருத்து, இன்னொன்றோடு சேர், எடு. கூடவே 'இந்தப் பக்கத்துக்கு யார் பொறுப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் பாதிக்கு மேல் காலியாக இருந்தால் தளம் பழையதாகிக்கொண்டிருப்பது ஏன் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஷீட்டுக்கு முழு மதிப்பெண்.

அடுத்து அட்டை அடுக்கல். சேவையின் உயிர்நாடி இதுதான், பெரிய குறையும் இதில்தான்.

பழைய மெனு இப்படி இருந்தது: எங்களைப் பற்றி, யூனிட் 1, யூனிட் 2, எக்ஸ்போர்ட், டொமஸ்டிக், கேலரி, தொடர்புக்கு. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வரைந்த மெனு என்று பார்த்தவுடனே தெரியும். கணக்குப் புத்தகம் எப்படிப் பிரிந்திருக்கிறதோ தளமும் அப்படியே பிரிந்திருக்கிறது. பாயசத்துக்குக் கால் கிலோ வாங்க வந்தவருக்கு யூனிட் 1 எது, யூனிட் 2 எது என்று எப்படித் தெரியும்?

முந்திரியில் இந்தச் சிக்கல் மற்ற சரக்குகளைவிடக் கூடுதல், ஏனென்றால் வியாபாரிக்கும் வாங்குபவருக்கும் மொழியே வேறு. வியாபாரி டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்பார். டபிள்யூ என்றால் வெள்ளை முழுப் பருப்பு. எண், ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, எத்தனை பருப்பு நிற்கும் என்ற கணக்கு. எண் கூடக் கூடப் பருப்பு சிறுத்துக்கொண்டே போகும். இது தெரியாதவருக்கு 320 என்பது 180-ஐவிட உசத்தியாகத்தான் படும். விலை குறைவாக இருப்பதைப் பார்த்து 'என்னவோ தள்ளுபடி போல' என்று நினைத்துக்கொள்வார். வீட்டுக்கு வாங்குபவர் முழுசு, அரை, உடைசல் என்பார். அதையும் தாண்டி 'பாயசத்துக்கு', 'கத்லி போட', 'பொண்ணு வீட்டுக்குக் கொடுக்க' என்று பயனைச் சொல்வார். கேட்டரிங்காரர் தரம், டின் இரண்டையும் சேர்த்தே கேட்பார். டின் என்றால் 25 பவுண்டு, 11.34 கிலோ.

நிறுவனம் இதை 40 அட்டைகளில் எழுதி, கடைக்கு வந்தவர்களிடம் காகிதத்தில் கொடுத்து, 'உங்களுக்குச் சரியென்று படுகிற மாதிரி குவியல் போடுங்கள், குவியலுக்கு நீங்களே பேர் வையுங்கள்' என்று கேட்டிருக்கிறது. இது திறந்த அடுக்கல். குவியல் பெயர்களை முன்கூட்டியே கொடுத்துவிட்டு அட்டைகளை மட்டும் போடச் சொன்னால் அது மூடிய அடுக்கல். முதல் கட்டத்துக்குத் திறந்ததுதான் வேண்டும், அதையே செய்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் செய்யாமல் காகிதத்தில் செய்ததும் நல்ல முடிவு. கவுன்டரில் நிற்கிற ஐம்பது, அறுபது வயதுக்காரருக்கு இழுத்து விடும் திரை ஒத்துவராது. மேஜையில் பரப்பினால் கை தானாகவே அடுக்கும், கூடவே வாயும் பேசும். அந்தப் பேச்சில் வரும் சொல்தான் நாளைக்கு மெனுவில் வரப்போகும் சொல்.

வந்த பலன் தெளிவு. வீட்டுக்கு வாங்குபவர்கள் பயனை வைத்து அடுக்கினார்கள், கேட்டரிங்காரர்கள் தரத்தை வைத்து. யூனிட் 1, யூனிட் 2 அட்டைகள் பெரும்பாலும் 'தெரியல' குவியலில் போய் விழுந்தன.

குறை எண்ணிக்கையில். மொத்தம் 15 பேர், அதில் வீட்டுக்காரர்கள் 8, கேட்டரிங் மற்றும் ஸ்வீட் ஸ்டால்காரர்கள் 7. ஏன் 15 என்றால், இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் டல்லிஸ், உட் இருவரின் 2004 ஆய்வு. 168 பேரின் அடுக்கலோடு சிறு குழுக்களின் அடுக்கலை ஒப்பிட்டார்கள்: 5 பேர் என்றால் ஒப்புமை 0.75 (முழு ஒப்புமை என்றால் 1), 15 பேர் என்றால் 0.90, 30 பேர் என்றால் 0.95. அதனால் 15 போதும் என்று ஒரு வழக்கம். ஆனால் அந்தப் 15 ஒரே வகை ஆட்களுக்கு. இரண்டு விதமாக யோசிக்கும் இரண்டு கூட்டத்தைக் கலந்து 15 என்று கணக்குக் காட்டினால், இரண்டில் எதற்குமே 15 இல்லை. சராசரி எடுத்தால் இருவருக்கும் பொருந்தாத ஒரு நடுவாந்திர மெனுதான் வரும். அறிக்கை இரு குழுவையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியதால் அந்த விபத்து தப்பியது. சேவையை வாங்குபவர்கள் 'ஒவ்வொரு வகை வாடிக்கையாளருக்கும் எத்தனை பேர்' என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இன்னொரு சின்னப் பிழை அட்டையின் வாசகத்தில். 'கிஃப்ட் பாக்ஸ் 500 கிராம்', 'கிஃப்ட் பாக்ஸ் 1 கிலோ', 'கிஃப்ட் பாக்ஸ் கம்பெனிக்கு' என்று மூன்று அட்டையிலும் ஒரே சொல். ஆள் யோசிக்காமலேயே மூன்றும் ஒரே குவியலுக்குப் போய்விடும். சொல் சொல்லைக் கூப்பிடும். பொருளைப் பார்க்கவே விடாது. 'கம்பெனி ஊழியர்களுக்குத் தர 50 பெட்டி' என்று எழுதியிருந்தால் உண்மை தெரிந்திருக்கும்.

இதிலிருந்து எழுந்த தள மரத்துக்கு வருவோம். தரமும் வேண்டும், பயனும் வேண்டும், எடையும் வேண்டும் என்றால் எதை மேல் கிளையாக வைப்பது? இந்தக் கேள்விக்கு விடை கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கமே பிறந்திருக்கிறது. சீர்காழியில் 1892-இல் பிறந்த நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன், நூல்களை வகைப்படுத்த 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையின் சாரமே இதுதான்: ஒரு நூலை ஒரே கிளையில் ஆணி அடித்து மாட்டாதே, அதன் பல முகங்களைத் தனித்தனியாகக் குறித்துவை, தேவைப்படும்போது சேர்த்துக்கொள். இன்றைக்கு ஷாப்பிங் தளங்களில் இடது ஓரத்தில் வரும் விலை, அளவு, நிறம் ஃபில்டர்களின் வேர் அந்த யோசனையில் இருக்கிறது. இந்த நிறுவனம் அவர் பெயரைச் சொல்லவில்லை, வேலையை அந்த வழியில்தான் செய்திருக்கிறது. மேல் கிளையில் பயன்: 'சமையலுக்கு', 'ஸ்வீட் செய்ய', 'பரிசுக்கு', 'கொறிக்க', 'மொத்தமாக'. தரம், எடை, வறுத்ததா பச்சையா என்பதெல்லாம் ஃபில்டர்.

வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் தளத்தில் ஆன்லைன் கடை போட உதவும் மென்பொருள்) கட்டும் டெவலப்பருக்கு இதை எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படியே எழுதியும் கொடுத்திருக்கிறார்கள்: பயன் என்பது கேட்டகரி (பிரிவு), தரம் என்பது ஆட்ரிப்யூட் (சரக்கின் தன்மை), எடை என்பது வேரியேஷன் (ஒரே சரக்கின் வேறு வேறு அளவு). சாதாரணமாக நடக்கும் கூத்து வேறு. எல்லாவற்றையும் கேட்டகரியாகப் போட்டுவிடுவார்கள். அரைக் கிலோ பாக்கெட் ஒரு சரக்கு, ஒரு கிலோ பாக்கெட் வேறு சரக்கு என்று ஆகிவிடும். ஸ்டாக் கணக்கும் குழம்பும். ஃபில்டரிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 5 தரம், 4 எடை, 3 வகை என்றால் 60 சேர்க்கை. ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி பிறந்து கூகுளில் ஏறினால், இரண்டு சரக்கு மட்டும் உள்ள வெற்றுப் பக்கங்கள் டஜன் கணக்கில் சேரும். எவை கூகுளுக்குத் தெரியலாம், எவை கூடாது என்று மரத்திலேயே குறித்திருக்க வேண்டும். குறிக்கவில்லை.

'மனித மூளை ஏழு விஷயத்துக்கு மேல் தாங்காது, அதனால் மெனுவில் ஏழு' என்று அறிக்கையில் ஒரு வாக்கியம். இந்த ஏழுக்கு மூலமான உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதியது நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வதைப் பற்றி. மெனு கண்முன்னே இருக்கிறது, யாரும் அதை மனப்பாடம் செய்வதில்லை. ஐந்தாக இருந்தாலும் ஒன்றுக்கொன்று குழப்பினால் தவறு, பத்தாக இருந்தாலும் பிரிவு தெளிவாக இருந்தால் சரி. 'மூணு கிளிக்கில் வந்துவிட வேண்டும்' என்பதும் இதே ரகம். ஒவ்வொரு கிளிக்கிலும் 'சரியான வழியில்தான் போகிறோம்' என்று தெரிந்தால் நான்காவது கிளிக்குக்கு யாரும் ஓடிப்போக மாட்டார்கள். நல்ல வேளையாக மரம் இந்த வாக்கியங்களுக்குக் கட்டுப்படவில்லை.

பெயர்ப் பட்டியல்தான் இந்தச் சேவையில் எதிர்பாராத லாபம். ஒவ்வொரு கிளைக்கும் மூன்று கட்டம்: காட்டும் பெயர், தேடுபவர் அடிக்கக்கூடிய மாற்றுப் பெயர்கள், பயன்படுத்தக் கூடாத பெயர். டெலிவரி ஊர்ப் பட்டியலைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். புதுச்சேரி, பாண்டிச்சேரி, பாண்டி, புதுவை என்று நான்கும் ஒரே இடம். பெயர் மாறியது 2006-இல், விரல் பழகியதோ அதற்கு முன்னால். கடலூரில் ஓ.டி. என்றால் முதுநகர், திருப்பாப்புலியூர் என்றால் திருப்பாதிரிப்புலியூர். இவற்றைத் தேடல் பெட்டிக்குச் சொல்லித்தராவிட்டால் 'உங்கள் ஊருக்கு டெலிவரி இல்லை' என்று தளமே பொய் சொல்லும்.

தமிழில் தளம் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் மூன்று சிக்கல்களையும் இந்தப் பட்டியலின் அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டும். நிறுவனம் முதலாவதை மட்டுமே தொட்டிருக்கிறது.

அது முகவரி. தமிழ் எழுத்து முகவரியில் ஏறும்போது ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரித் துண்டுக்கு ஒதுக்குவது 200 எழுத்து. அதாவது 22 குறியீட்டோடு கதை முடிந்தது. மெய்ப்புள்ளியும் கொக்கியும் காலும் தனித்தனிக் குறியீடுகள் என்பதையும் மறக்கக் கூடாது. 'பண்ருட்டி-முந்திரி-பருப்பு' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'பண்ருட்டி-முந்திரி-பருப்' என்று நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் பல நேரம் அதுகூடத் தெரியாது, ஒரு முழம் நீளத்துக்குச் சதவீதக் குறிகள்தான் தொங்கும். ஆகவே தலைப்பு தமிழில், முகவரி சுருக்கமான ரோமன் எழுத்தில் என்று விதி வைத்திருக்கிறார்கள். சரியான விதி.

இரண்டாவது, தேடல். 'ொ' என்ற எழுத்தை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு. 'கொட்டை' என்று தேடினால் சரக்கு இருந்தும் 'இல்லை' என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்படி டெவலப்பரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். மூன்றாவது, அகரவரிசை. யூனிகோடு எண் வரிசை நம் வரிசை அல்ல: அதில் ன என்பது ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும், ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால் வந்துவிடும். அப்படியே வரிசைப்படுத்தினால் 'வானூர்' 'வாலாஜாபாத்'துக்கு முன்னால் நிற்கும். தமிழ் வரிசை முறையைக் குறிப்பிட்டுச் சொன்னால்தான் சரியாகும்.

பெயரின் நீளமும் கவனிக்க வேண்டியது. 'பெருநிறுவனப் பரிசுத் திட்டம்' 360 புள்ளி அகல ஃபோன் திரையில் இரண்டு வரியாக உடையும். 'கம்பெனிப் பரிசு' போதும்.

மரச் சோதனையை ஆன்லைன் கருவியான ஆப்டிமல் வொர்க்‌ஷாப்பில் செய்திருக்கிறார்கள். டிசைன், படம், தேடல் பெட்டி எதுவும் கிடையாது, வெறும் கிளைகள். 'கல்யாணத்துக்குப் பத்து கிலோ வேண்டும், எங்கே போவீர்கள்?' என்று கேட்டு, ஆள் எந்தக் கிளையைத் திறக்கிறார், திரும்பி வருகிறாரா என்று பார்ப்பது. பயனுள்ள ஒரு கண்டுபிடிப்பு: 'பாக்கெட் கிழிந்து வந்தால்?' என்ற கேள்விக்குப் பலர் 'தொடர்புக்கு' பக்கத்தைத்தான் திறந்தார்கள், 'பாலிசி' பக்கத்தை அல்ல. ரிட்டர்ன் பாலிசி பேமென்ட் கேட்வேக்காரர்கள் கேட்பதால் எப்படியும் இருக்க வேண்டும். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி குறைதீர் அலுவலரின் விவரமும் இருக்க வேண்டும். இரண்டும் ஃபுட்டரில் மட்டும் இருந்தால் சட்டத்துக்கு ஆயிற்று, வாடிக்கையாளருக்கு ஆகவில்லை. 'தொடர்புக்கு' பக்கத்திலும் அவற்றுக்கு லிங்க் வைத்தது இந்தச் சோதனையால்தான்.

ஆனால் சோதனைக்கு உட்கார்ந்தவர்கள் அட்டை அடுக்கிய அதே 15 பேர். அவர்களுக்குச் சரக்கு முழுக்க ஏற்கெனவே அத்துபடி. புது ஆள் வேண்டும். சரியான கிளையைப் பிடித்தவர்கள் 'முன்பு 73 சதவீதம், இப்போது 80 சதவீதம்' என்று அறிக்கை முன்னேற்றம் காட்டுகிறது. 15 பேரில் அது 11-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம், ஒரே ஒரு ஆள். 'மொத்த விலை எங்கே பார்ப்பீர்கள்?' என்று ஒரு கேள்வி, மெனுவிலோ 'மொத்தமாக' என்றே கிளை. விடையைக் கையில் கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்த கதை.

முகவரி மாற்றப் பட்டியல் ஒழுங்காக இருக்கிறது: பழைய முகவரி, புதிய முகவரி, 301 (பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லும் குறி). காணாமல் போகும் பக்கங்களையெல்லாம் ஹோம் பேஜுக்குத் திருப்பிவிடும் சோம்பேறி வழக்கம் இங்கே இல்லை. அப்படித் திருப்பினால் கூகுள் அதைப் பக்கமே இல்லாததாகத்தான் எடுத்துக்கொள்ளும். விட்டுப்போனது பாக்கெட்டில் அச்சடித்த கியூஆர் கோடு. எந்த மென்பொருளும் அதைக் கண்டுபிடிக்காது, கடைக்காரரிடம் கேட்டால்தான் வரும். அச்சான பவுச் ரோல் தீரும்வரை அந்தப் பழைய முகவரி உயிரோடு இருந்தாக வேண்டும்.

ஃப்ரெஞ்சுப் பதிப்பு ஒன்றும் பரிந்துரைத்திருக்கிறார்கள், புதுச்சேரிக் கடைக்காக. முழுத் தளத்தையும் மூன்று மொழியில் வைத்துக்கொள்வது இந்த அளவு வியாபாரத்துக்குத் தேவையில்லாத சுமை. விலை மாறும்போது இரண்டு மொழியில் மாற்றவே ஆள் இருக்காது. கடை நேரம், வழி, பரிசுப் பெட்டி என்று மூன்று பக்கம் ஃப்ரெஞ்சில் இருந்தால் போதும். மொழி மாற்றும் பட்டன் அதே பக்கத்தின் மறு மொழிக்குப் போக வேண்டும், ஹோம் பேஜுக்கு அல்ல. கொடிப் படம் வேண்டாம், மொழியின் பெயரே போதும்.

யார் எதை வாங்கலாம்? பத்துப் பக்கத்துக்குக் குறைவான தளம், ஒரே வகை வாடிக்கையாளர் என்றால் இந்தச் சேவை முழுவதும் வேண்டாம். பக்கப் பட்டியலையும் பெயர்ப் பட்டியலையும் மட்டும் தனியாகக் கேளுங்கள், தருகிறார்கள். மரத்தை டிரா.ஐஓ-வில் காசில்லாமல் நீங்களே வரையலாம். ஐம்பது சரக்குக்கு மேல், சில்லறையும் மொத்தமும் சேர்ந்த வியாபாரம் என்றால் முழுச் சேவையும் எடுங்கள். அட்டை அடுக்கலுக்கு ஒரு வகைக்கு 15 பேர், மரச் சோதனைக்கு வேறு ஆட்கள், கியூஆர் கோடு உட்பட முகவரிப் பட்டியல் என்ற மூன்றையும் கொட்டேஷனில் சேர்த்துவிட்டு. ஒப்படைக்கும்போது எல்லாவற்றையும் பிடிஎஃப்பாகத் தருவது இவர்கள் வழக்கம். ஷீட்டாகக் கேட்டு வாங்குங்கள். தளம் கட்டும் டெவலப்பர் முகவரி மாற்றப் பட்டியலை அப்படியே ஏற்ற வேண்டும். பிடிஎஃப் என்றால் ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்வார், அங்கேதான் எழுத்துப் பிழை புகும்.